தொட்டில் கொக்கி

மேல பாருங்க மேடம், மேல பாருங்கன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது, வாய் மட்டும் "மோர் குடிக்கியளா"ன்னு கேக்குது. கேட்டுத் தொலைச்சாச்சு. அந்தப் பிள்ள வேண்டாம்மான்னு தலைய ஆட்டிட்டு, தோள்ல கெடந்த பைய எறக்கி நாற்காலியில வைக்குது. சின்னப் பிள்ளதான், நம்ம மக ஜெனோவாவுக்கு அக்கா மாதிரி இருக்கும். கழுத்துல மாநகராட்சி அட்டை தொங்குது, இஞ்சினியராம். சொந்தமா சின்ன வீடு வச்சிருந்து அதப் பழுது பாக்க வக்கில்லாதவங்களுக்கு மாநகராட்சியே செலவு பண்ணிப் பாத்துக் குடுக்குன்னு கேள்விப்பட்டு, வார்டு ஆபீசுல மனு குடுத்து, இன்னைக்கு வருவாவ நாளைக்கு வருவாவன்னு வாசலப் பாத்துக் கெடந்து, இந்தா வந்து நடு வீட்டுல நிக்காவ. எந்த வீட்டுல? வெள்ள வெளேர்னு கல்யாண வீடு கணக்கா மின்னுத வீட்டுல. பெயின்ட் நாத்தத்துல எனக்கே கண்ணு எரியுது. என் வீட்டுக்காரரு, தொம்மை, தோணியில சுக்கான் பிடிச்ச மனுசன், கோயிலுக்குப் போடுத சட்டையப் போட்டுக்கிட்டு வாசல் நிலையில சாஞ்சு நிக்காவ. மூஞ்சியில பெருமை வேற. அட பாவி மனுசா, ஒடஞ்ச வீட்டப் பாக்கதுக்கு ஆள் வந்திருக்கு, ஒடசல் எங்கய்யா?

நேத்து சாயந்திரம் கருவாட்டுப் பேட்டையில வேல முடிஞ்சு வந்து வாசல்ல கால் வைக்கேன், வீடு மாறி வந்துட்டோமோன்னு ஆயிட்டு. சுவரு வெள்ள, மேல காங்கிரீட்டு வெள்ள. இவிய ஸ்டூல் மேல நின்னு கடைசிப் பட்டை இழுத்துக்கிட்டு நிக்காவ, தாடியில எல்லாம் சொட்டு சொட்டா வெள்ள. கட்டிலுக்கு நேர மேல, தொட்டில் கட்டுத கொக்கியச் சுத்தி நண்டு கால் விரிச்ச மாதிரி வெடிச்சுக் கெடந்துச்சே, கம்பி வெளிய பல்லக் காட்டிக்கிட்டு இருந்துச்சே, அந்த எடமே தெரியல. ஒயிட் சிமெண்ட வச்சு நெரப்பி, இழைச்சு, பெயின்ட் அடிச்சாச்சு. "என்ன காரியம்யா பண்ணிட்டிய"ன்னு நெஞ்சுல அடிச்சேன். "ஏட்டி, ஒரு ஆபீசர் வீட்டுக்கு வாறாவ, இப்படியா வச்சிருப்போம்? சர்வேயர் வாறாருன்னா தோணிய எப்படி நிறுத்துவோம், தெரியும்லா?"ன்னு என்கிட்ட பாடம் எடுக்காவ. தெரியும், தெரியாம என்ன. சர்வேயர் வாறதுக்கு முந்தி பலகை இடுக்குல எல்லாம் பஞ்ச அடைச்சு, மேல பூசி, பெயின்ட் அடிச்சு, மாலை போடாத குறையா நிறுத்துவாவ. ஓட்டையக் காட்டுனா தோணி கடலுக்குப் போவாது. ஆனா இது தோணி இல்லய்யா, வீடு. இதுல பாஸ் ஆனா பெயில். அதச் சொன்னா அந்த மண்டையில ஏறுனாத்தான. அப்பத்துல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. காலையில ஒரு கரண்டிய எடுத்துக்கிட்டு ஸ்டூல்ல ஏறப் போனேன், சொரண்டிருவோம்னு. ஸ்டூல்லயே உக்காந்துக்கிட்டாவ. சாப்பிடவே எந்திரிக்கல. அப்படி ஒரு பிடிவாதம்.

அந்தப் பிள்ள சுவத்துப் பக்கமா நடக்குது. விரல வச்சுத் தொட்டுப் பாக்குது. மாதாவே, இன்னும் காயல. விரல்ல வெள்ள ஒட்டிக்கிட்டு. விரலப் பாக்குது, இவியளப் பாக்குது. "இப்பத்தான் பெயின்ட் அடிச்சீங்களா சார்?" இவிய தொண்டையச் செருமிக்கிட்டு, "இல்ல மேடம், அது கிறிஸ்மசுக்கு அடிச்சது"ங்காவ. கிறிஸ்மசுக்காம்! ஊரே வெயில்ல வேவுது, இவியளுக்கு மட்டும் கிறிஸ்மஸ் நேத்து வந்துட்டுப் போயிருக்கு. சிரிப்பு வருது எனக்கு, அந்தச் சிரிப்புக்கு உள்ளயே அழுகையும் முட்டுது. அந்தப் பிள்ள கர்ச்சீப்ப எடுத்து விரலத் தொடச்சுக்கிட்டு. பொய்யின்னு தெரிஞ்சு போச்சு. இனி நாம என்ன சொன்னாலும் பொய்யின்னுதான் நினைக்கும். சொல்லிரட்டா? மேடம், இந்த மனுசன் நேத்துதான் பூசி மறைச்சாரு, உள்ள எல்லாம் செத்துக் கெடக்கு, நம்புங்கன்னு? சொன்னா இவிய மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாவ? ஒரு காலத்துல கொழும்பு வரைக்கும் தோணிய ஓட்டிட்டுப் போய்த் திரும்புன மனுசன, ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால, பெண்டாட்டியே பொய்யன்னு சொல்லணுமா? கடல் வேலைய விட்டு ஐஸ் கம்பெனியில வாட்ச்மேனா உக்காந்ததுல இருந்து அந்த ஒரு மூஞ்சிதான மிச்சம் இருக்கு அவியளுக்கு. சொல்லாம இருந்தா? அந்தத் தலையணை. திரும்பவும் அந்தத் தலையணையிலயே வந்து நிக்குது மனசு.

ஒரு மத்தியானம். சாப்பிட்டுட்டு அந்தக் கட்டில்ல சும்மா தலையச் சாச்சேன். கண்ணு சொக்குது. அடுப்புல பால் வச்சது நினைப்புக்கு வந்து, அட சவமேன்னு எந்திரிச்சு அடுப்படிக்கு ஓடுதேன், பின்னால டமார்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, தலையணை மேல காங்கிரீட்டுக் கட்டி. என் தலை அழுத்துன பள்ளம் இன்னும் ஆறல, அந்தப் பள்ளத்துல அது படுத்துக் கெடக்கு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, நான் அப்படியே நிக்கேன். அந்தப் பால நினைக்காம இருந்திருந்தா? சரி, நான் போயிட்டுப் போறேன். நாம போனா என்ன. ஆனா வார ஞாயித்துக்கெழமை ஜெனோவா தலைப்பிரசவத்துக்கு வாறா. இந்த வீட்டுல படுக்க இருக்கது இந்த ஒரு அறைதான், மத்தது அடுப்படியும் முன்னால ஒரு ஒடுக்கு நடையும். அவ படுக்கணும்னா அந்தக் கட்டில். பிள்ள பொறந்து தொட்டில் கட்டணும்னா அந்தக் கொக்கி. ஜெனோவாவையும் அதுலதான் போட்டு ஆட்டுனோம். அந்தக் கொக்கிக்கிட்ட இருந்துதான் வெடிப்பே கெளம்புச்சு. மாமா, இவிய அப்பா, இந்த அறைக்கு மேல காங்கிரீட்டு போடும்போது கெடச்ச மணலப் போட்டுட்டாவ, கடல் மணலு, கழுவவும் இல்ல. உப்பு உள்ள இருந்து தின்னுது, காத்து வெளிய இருந்து தின்னுது. இதச் சம்பந்தியம்மா கேள்விப்பட்டு மணப்பாட்டுல இருந்து போன் போட்டாவ. நல்ல மனசோடதான் சொன்னாவ, "மைனி, அங்க தோது இல்லன்னா பிரசவத்த இங்கயே பாத்துக்கிடுவோம், நீங்க வந்து கூட இருங்க"ன்னு. அவ்வளவுதான், இவியளுக்கு வந்துச்சே கோவம். "தலைப்பிரசவம் பாக்க வக்கில்லாத தொம்மைன்னு ஊரு சொல்லணுமா? நான் செத்தா போயிட்டேன்?" சம்பந்தி வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்கதுக்கே நூறு யோசனை பண்ணுத ஆளு. அன்னைக்கு வச்ச போனுதான், இன்னும் அவியகிட்ட நேரா ஒரு வார்த்த பேசல.

மேல பாக்குது! அந்தப் பிள்ள இப்பம் மேல பாக்குது. பையில இருந்து சின்னச் சுத்தியல எடுக்குது. "ஸ்டூல் இருக்காம்மா?" இந்தா, இந்தா. ஓடிப் போயி எடுத்து வைக்கேன். கால் ஒண்ணு ஆடுத ஸ்டூலு, நான் பிடிச்சுக்கிடுதேன். ஏறி நின்னு தட்டுது. அந்த மூலையில தட்டுது, டங்குன்னு கேக்குது. இங்கிட்டு வாடி என் தங்கம், கொக்கிக்கிட்ட வா. ஆனா ரொம்பத் தட்டிராத. ஐயோ, அதும் பயமா இருக்கு. நம்ம தெரு செலின் அக்கா வீட்டுக்கு இப்படித்தான் தட்டிப் பாக்க வந்தாவ, போன மழைக்கு முந்தி. அக்கா சந்தோசமா எல்லா வெடிப்பையும் காட்டிக் குடுத்தா, இங்க பாருங்க சார், அங்க பாருங்க சார்னு. எல்லாம் பாத்துட்டு, இது பழுது பாக்குத வீடு இல்ல, ஆள் இருக்கவே லாயக்கு இல்லன்னு கதவுல நோட்டீச ஒட்டிட்டுப் போயிட்டாவ. அக்கா குடும்பம் இப்பம் எங்கயோ ஊருக்கு வெளிய வாடகையில கெடக்கு. பூட்டுன கதவுல அந்த நோட்டீசு வெயில்ல மஞ்சளாப் போயி இன்னும் தொங்குது, தெனமும் அதத் தாண்டித்தான் பேட்டைக்குப் போறேன். கொறச்சுக் காட்டுனா உதவி இல்ல, கூடக் காட்டுனா வீடே இல்ல. ஒடசல எம்புட்டுக் காட்டணும்னு யாரு சொல்லித் தருவா? உப்பு ருசி பாக்க மாதிரி நாக்குல வச்சுப் பாக்கவா முடியும்? ஒருவேள இவியளும் அதுக்குத்தான் பயந்து பூசுனாவளோ? செலின் அக்கா வீட்டுச் சாமான வண்டியில ஏத்துனது இவியதான. அன்னைக்குச் சோறு எறங்கலன்னு தட்டத் தள்ளி வச்சாவ. நேத்து நான் அத யோசிக்கலயே, வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே.

கொக்கிக்குப் பக்கத்துல தட்டுது. டொப். இன்னொரு தட்டு. டொப். கேட்டுச்சா? அதுக்குக் கேட்டுச்சான்னு தெரியலயே, மொகத்துல ஒண்ணும் காணல. எறங்கிட்டு. போனை எடுத்து மேல காட்டி ஒரு படம் பிடிக்குது, படத்த எங்கிட்டயும் காட்டுது. வெள்ள. படம் பூரா வெள்ள, நடுவுல ஒரு கொக்கி. "அம்மா, சத்தம் ஒரு மாதிரி இருக்கு. ஆனா சத்தத்த ஃபோட்டோ எடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியறதத்தான் நான் எழுத முடியும். மேலிடத்துல படத்தப் பாத்துட்டு, நல்லா இருக்கிற வீட்டுக்கு ஏன் எழுதினேன்னு என்னக் கேப்பாங்க." பேச்சுல நம்ம ஊரு இல்ல, மேக்க எங்கயோ. மரியாதையாத்தான் சொல்லுது. "உள்ள ஏதாவது விரிசல் இருந்துச்சா சார்?" இவியளப் பாத்துக் கேக்குது. சொல்லுங்க. இப்பமாவது சொல்லுங்க. நான் இவிய மூஞ்சியவே பாக்கேன். "லேசா ஒரு கீறல் கெடந்துச்சு மேடம். பெருசா ஒண்ணும் இல்ல." பெருசா ஒண்ணும் இல்லயாம். அந்தப் பிள்ள பைய எடுத்துத் தோள்ல மாட்டுது. போயிரும். போயிட்டா இந்த வருசத்துக்கு இனி வராது. ஞாயித்துக்கெழமை ஜெனோவா வந்து இறங்குவா, வெள்ளையா இருக்க காங்கிரீட்டப் பாத்து, அப்பா சூப்பரா பண்ணிட்டியளேன்னு சொல்லிட்டு அதுக்கு அடியில போயி மல்லாக்கப் படுப்பா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு. நான் அடுப்படியில பால் வச்சிட்டு இருப்பேன், பின்னால டமார்னு. இல்ல. வேண்டாம், அத நினைக்காத. நினைக்காதன்னா மனசு கேக்குதா?

"ஏங்க"ன்னு ஒரு சத்தம், அது என் சத்தம்தான். நேத்துல இருந்து இவியகிட்ட பேசாத தொண்டை, கீச்சுன்னு வருது. "ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேடம் இருக்கட்டும், மாநகராட்சி இருக்கட்டும். அந்தக் கொக்கியில உங்க பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவியளா?" சொல்லியாச்சு. ஆளு முன்னால கேட்டுட்டேனே, என்ன பேசப் போறாவளோ. இவிய என்னைய ஒரு பார்வை பாத்தாவ. கோவம்னு நினைச்சேன். கோவம் இல்ல அது. "கட்டலாம், ஏன் கட்டக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே வந்து, செருப்ப வாசல்ல உதறிட்டு, கட்டில் மேல ஏறி நின்னாவ. நல்ல ஒசரம், கை எட்டிட்டு. கொக்கியப் பிடிச்சாவ. தோணியில கயித்த இழுத்துப் பாத்து உறுதி பண்ணுவாவள்லா, அந்தப் பிடி. பிடிச்சபடியே நிக்காவ. இழுக்கல, விடவும் இல்ல. கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நிக்கு. விட்டுட்டு எறங்குனா பொய் ஜெயிச்சிரும். அந்தச் சட்டைக் காலருக்குள்ள வேர்வை எறங்குதத நான் பாக்கேன். அப்புறமா, என் பக்கம் திரும்பாமலே, மெதுவா, தோணியில நின்னு சொல்லுத குரல்ல சொன்னாவ: "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நில்லுங்கன்னு அவிய வாயால சொல்லிட்டாவ. அதக் கேட்டதுமே எனக்குப் பாதி உசுரு வந்துட்டு. அந்தப் பிள்ளையக் கையப் பிடிச்சு அடுப்படிப் பக்கம் இழுத்துக்கிட்டேன். இவிய ஒரு கால கட்டிலோட ஓரத்துக் கட்டையில வச்சுக்கிட்டு, ஒடம்ப வெலக்கிக்கிட்டு, கொக்கியில தொங்கி ஒரு இழுப்பு. மாவு மாதிரி வந்துச்சு. கொக்கியும் கட்டியும் பெயின்ட்டும் சேந்து பொலபொலன்னு கட்டில்ல விழுது, வீடு பூரா தூசி, யேசுவே யேசுவேன்னு கத்துதேன். தூசி அடங்குனா, இவிய தலை மீசை எல்லாம் வெள்ளையா, கையில கொக்கியோட நிக்காவ. அடி ஒண்ணும் படல. மேல பெரிய பொத்தல். உள்ள கம்பி எல்லாம் துரு ஏறி, உப்பி, தொட்டா பொடியாவுத மாதிரி. "நேத்துதான் பூசுனேன் மேடம்"னு தரையப் பாத்துச் சொன்னாவ. "கிறிஸ்மசுக்கு இல்ல." அந்தப் பிள்ள சிரிக்கல, திட்டவும் இல்ல. ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி, கம்பியச் சொரண்டிப் பாத்து, படம் பிடிச்சுது. பெறவு சுத்தியல எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சுவரா, மூலைக்கு மூலை, அடுப்படி, முன் ஒடுக்கு, வெளிய ஒரு சுத்து. டங், டங். நான் பின்னாலயே போறேன். செலின் அக்கா கதவுல இருக்க அந்த மஞ்சக் காயிதம் கண்ணுக்கு முன்னால ஆடிக்கிட்டே வருது. எங்கயாவது டொப்புன்னு கேட்டுட்டா? இந்த எடத்துல கேக்கக் கூடாது மாதாவே, இந்த ஒரு எடத்துலயும் கேக்கக் கூடாது. திரும்பி உள்ள வந்து, மூக்கத் தொடச்சுக்கிட்டு, "சுவர், பீம் எல்லாம் உறுதியா இருக்கும்மா. இந்த ரூம் மேல்தளத்த மட்டும் எடுத்துட்டுப் புதுசாப் போடணும். எழுதிடறேன்"னு சொல்லுது. கும்பிடக் கையத் தூக்குனேன், அதுக்குள்ள, "ஆனா வேலை முடியற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது. கட்டில இன்னைக்கே வெளிய எடுத்துடுங்க." எப்பம் முடியும்? "ஆர்டர் வந்து ஆள் வரணும். பொங்கலுக்குள்ள முடிச்சுத் தந்துடுவோம்." பொங்கலுக்குள்ள. பேரப்பிள்ள அதுக்குள்ள குப்புற விழுந்து தவழ ஆரம்பிச்சிருமே. வாசல் எறங்கப் போன இஞ்சினியர்ப் பிள்ள திரும்பி நின்னு, "கொக்கி வேணும்னா கம்பி கட்டும்போதே சொல்லிடுங்க, எந்த இடம்னு"ன்னு சொல்லிட்டுப் போவுது.

போன் அடிக்குது. ஜெனோவா. இவளுக்கு மூக்குல வேர்த்துரும். "அம்மா, ஆபீசர் வந்தாவளா? என்ன சொன்னாவ? ஞாயித்துக்கெழமை காலையிலயே பொறப்பட்டு வந்துரட்டா?" பொறப்பட்டு வான்னு சொல்ல நாக்கு தானா எழும்புது. அவளுக்குக் கருவாடு எடுத்து வச்சிருக்கேன், பழைய சேலையெல்லாம் தொவச்சுக் கிழிச்சு மடிச்சு வச்சிருக்கேன். தலைச்சனுக்குத் தாய் வீடு வாற பிள்ளைய எந்தத் தாய் தடுப்பா? "வராதட்டி"ன்னேன். "வீடு கெடச்சிட்டுட்டி. மேல காங்கிரீட்டப் புதுசாப் போட்டுத் தாறாவளாம். அதான் வராத." அவ மூக்க உறிஞ்சுத சத்தம் கேக்குது. "அப்பம் நான் இங்கயே இருக்கட்டாம்மா? நீ தனியா வருவியா? அப்பா வரமாட்டாவள்லா?" கட்டில் ஓரத்துல தூசியோட உக்காந்திருந்த மனுசன் எந்திரிச்சு வந்து கைய நீட்டுதாவ. போனக் குடுத்தேன். காதுல வச்சுக்கிட்டு, மீசையில இருந்த தூசியத் தொடைக்காவ. தலைப்பிரசவத்தச் சம்பந்தி வீட்டுல பாக்கதா, அந்த வீட்டுச் சோத்தத் திங்கதா, இவியளா? எந்தப் பதில் சொன்னாலும் பிள்ள அழும், அதுக்கு மொதல்ல நான் அழுதிருவேன்னு முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன். "மக்கா, அப்பா பேசுதேன்"ன்னாவ. "அழாத. போன உன் மாமியார்கிட்ட குடு. நானும் அம்மையும் அங்க வாறோம், இருக்க எடம் தருவியளான்னு நானே கேக்கேன்."